ஆம்பூர்க் கருங்கட்டியும் லோணார்க் கண்ணாடியும்

2016 பிப்ரவரி 6-ஆம் தேதி நாட்றம்பள்ளி அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரி வளாகத்தில் பெரும் வெடிச்சத்தம் கேட்டது. தரையில் பள்ளம் விழுந்தது. கட்டட ஜன்னல்கள் நொறுங்கின. பேருந்து ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். விண்கல்தான் காரணம் என்று மறுநாள் அறிவித்த அன்றைய முதல்வர் ஜெயலலிதா, ஓட்டுநரின் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டார். சில நாட்களிலேயே, வெளியான படங்களைப் பார்த்தால் தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் இருக்கிறது என்று நாசா விஞ்ஞானிகள் சொல்லிவிட்டார்கள்.

ஆனாலும் எங்கள் பக்கம் பேச்சு ஓயவில்லை. ஆம்பூரை ஒட்டிய ஒரு நிலத்தில் ஏர் ஓட்டும்போது கிடைத்த கருப்புக் கட்டி ஒன்றை நண்பர் என்னிடம் கொண்டுவந்து, "வானத்துக் கண்ணாடி" என்றார். கைக்குள் அடங்கும் அளவு. ஒரு பக்கம் பளபளப்பு, உடைந்த விளிம்பில் கரும்பச்சை. அது எங்கே பிறந்தது என்று தேடக் கிளம்பினேன்.

தேடலில் முதலில் தெளிவானது இதுதான்: விண்கல் மோதலில் பிறக்கும் கண்ணாடி வானத்திலிருந்து விழுவதில்லை. பெரிய கல் நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் மோதும்போது அதன் பெரும்பகுதி ஆவியாகிவிடும். அடிபட்ட தரைப்பாறை உருகித் தெறித்து, சட்டென்று குளிர்ந்து கண்ணாடியாகும். ஆகவே அது நம் மண்ணின் கண்ணாடி. மோதல் நடந்த இடத்துப் பாறையின் வேதிக்கூறு அதிலும் இருக்க வேண்டும்.

இந்தியாவில் இதற்கு நல்ல சாட்சி மகாராஷ்டிரத்து லோணார் ஏரி. ஏறத்தாழ 1.8 கி.மீ. விட்டமுள்ள பள்ளம், முழுக்க எரிமலைப் பாறையான பசால்ட்டில் குழிந்தது. அதனாலேயே எரிமலை வாய் என்று பலர் நெடுங்காலம் நம்பினார்கள். பள்ளத்தின் அடியில் துளையிட்டு எடுத்த பாறைதான் வழக்கைத் தீர்த்தது. 1973-இல் ஃப்ரெட்ரிக்சன், துபே, மில்டன், பாலசுந்தரம் ஆகியோர் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை, அந்தப் பாறையில் மாஸ்கலினைட் இருப்பதைக் காட்டியது. இது ஒரு விந்தையான கண்ணாடி. ஃபெல்ஸ்பார் படிகத்தின் வெளிவடிவம் அப்படியே இருக்கும், உள்ளே அணுக்களின் ஒழுங்கு மட்டும் குலைந்திருக்கும். மெல்லிய சீவலை முனைவாக்க நுண்ணோக்கியில் எப்படித் திருப்பினாலும் அந்தப் பகுதி இருட்டாகவே நிற்கும். வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 3 லட்சம் மடங்கு அழுத்தம் வேண்டும் இதற்கு. எந்த எரிமலைக்கும் அந்த வலிமை கிடையாது.

மாஸ்கலினைட் முதலில் அடையாளம் காணப்பட்டதும் நம் நாட்டில் விழுந்த கல்லில்தான். 1865-இல் பீகாரின் ஷெர்காட்டியில் விழுந்த விண்கல்லை ஆராய்ந்த வியன்னாவின் செர்மாக், 1872-இல் அதற்குப் பெயரிட்டார். அந்தக் கல் செவ்வாயிலிருந்து வந்தது என்பது பிறகு தெரிந்தது.

லோணார்க் கண்ணாடி கடிகாரமாகவும் உதவியது. பாறை உருகும்போது அதில் சேர்ந்திருந்த ஆர்கான் வாயு வெளியேறிவிடும். அதன்பின் சேர்ந்த ஆர்கானை அளந்தால் மோதலின் வயது கிடைக்கும். முன்பு சுமார் 50,000 ஆண்டு என்று எண்ணியிருந்ததை, 2011-இல் வந்த ஆய்வு சுமார் 5,70,000 ஆண்டு என்றது.

இந்த அளவுகோல்களோடு என் கட்டியைப் பார்த்தேன். சுற்றுவட்டாரத்தில் மோதல் பள்ளம் கிடையாது. எங்கள் பக்கத்து மலைகளோ கிரானைட்டும் நைஸும், எரிமலைப் பாறை அல்ல. கட்டியைத் தட்டி உடைத்தேன். நிறையக் குமிழிகள், நடுவில் ஒரு கரித்துண்டு. விண்கல் மோதலில் விறகுக்கரி எப்படி வரும்?

தோல் பதனிடும் ஆலையின் பாய்லரில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது கிளிங்கர் தம்பி. தோல் ஷாப்பு பாய்லர் அடுப்புல உறையும். கம்பியால இடிச்சு எடுப்போம். சாம்பலோட இந்தப் பக்கந்தான் கொட்டுவோம்" என்றார். விறகுச் சாம்பலின் பொட்டாசியம் மணலின் உருகுநிலையைக் குறைக்கும். அடுப்புச் சூட்டிலேயே இப்படிக் கண்ணாடி பிறந்துவிடும்.

நண்பருக்கு ஏமாற்றம். எனக்கு இல்லை. தோல் பதப்படுத்தும் தொட்டிக்கு வெந்நீரும் நீராவியும் தர அனலில் நின்றவர்களின் உழைப்பு அதில் உறைந்திருக்கிறது.

நிஜமான விண்ணும் நமக்குத் தூரமில்லை. 1988-இல் 4130 இராமானுஜன் என்ற சிறுகோள் கண்டறியப்பட்டது ஜவ்வாது மலையின் காவலூர் ஆய்வகத்தில்தான். உங்கள் கையிலும் ஒருநாள் நிஜ விண்கல் கிடைக்கலாம். ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சந்தேகத்துக்குரிய கல் கிடைத்தால் கழுவாதீர்கள், என்னைப் போல் உடைக்காதீர்கள். கிடந்த இடத்தைப் படமெடுங்கள், ஒட்டிய மண்ணோடு ஒரு பையில் வையுங்கள், சென்னை கிண்டியில் இருக்கும் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்திடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.