பொன் ஊசி

தங்க ஊசி என்பதற்காகக் கண்ணைக் குத்திக் கொள்ளலாமா என்று நம் பெரியோர்கள் கேட்டு வைத்தார்கள். உடம்பில் குத்திக் கொள்ளலாமா என்று மட்டும் கேட்காமல் விட்டு விட்டார்கள். 1992-ஆம் வருஷம் நம் தாயார் குத்திக் கொண்டார்.

அவருக்கு முடக்குவாதம். விரற்கணுக்கள் வீங்கி, காலையில் காப்பித் தம்ளரைப் பிடிப்பதே பெரும்பாடாயிருந்தது. மதுரையில் ஒரு டாக்டர் வாரம் ஒரு பொன் ஊசி போட ஆரம்பித்தார். முதலில் பரீட்சைக்காக 10 மில்லிகிராம், பிறகு 50. "உடம்பெல்லாம் பவுனா!" என்று கம்பத்து உறவினர்கள் வியந்தார்கள். இருபது ஊசிக்கு மருந்தே ஒரு கிராம்தான். அதில் பொன் ஏறக்குறையப் பாதி. சவரனில் பதினாறில் ஒரு பங்கு!

இந்தச் சிகிச்சை பிறந்த கதை வேடிக்கையானது. க்ஷயரோகக் கிருமியின் வளர்ச்சியைப் பொன் உப்பு தடுக்கிறதென்று 1890-ல் ராபர்ட் கோக் கண்டார். முடக்குவாதமும் க்ஷயத்தின் இனமாயிருக்கலாமென்று எண்ணிய பிரெஞ்சு வைத்தியர் ஃபாரஸ்டியே, 1929-ல் பொன் சிகிச்சையின் பலனை வெளியிட்டார். எண்ணம் தவறு, மருந்து மட்டும் பலருக்குப் பலித்தது!

நம் தாயாருக்கும் பலித்தது. மூன்றாம் மாதம் தம் கூந்தலைத் தாமே பின்னிக் கொண்டார். அதே சமயத்தில் தோலில் அரிப்பும் கண்டது. கோடைச் சூடு என்று தேங்காய் எண்ணெய் தடவினார். ஒவ்வொரு வாரமும் ஊசிக்கு முன் டாக்டர், "அரிப்பு உண்டா அம்மா?" என்று கேட்பார். "இல்லீங்க" என்று சொல்லிவிட்டு நம் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். பன்னிரண்டு வயதுப் பையனாய்த் துணைக்குப் போயிருந்த நாமும் வாய் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் ஊசி நின்றுவிடுமே!

மூன்று வாரத்தில் உடம்பெங்கும் தடிப்பு, வாயில் புண். டாக்டருக்கு வந்த கோபத்தை இன்னும் மறக்கவில்லை. பொன் ஏற்றிக் கொள்பவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு ஏதேனும் உபத்திரவம் உண்டாம். அதில் தோலுக்குத்தான் முதலிடம். அரிப்பு கண்டவுடன் நிறுத்தினால் பெரும்பாலும் அத்தோடு போகும். மூத்திரத்தையும் இரத்தத்தையும் அடிக்கடி சோதித்தார்களே, அவை சிறுநீரகத்துக்கும் இரத்த அணுக்களுக்குமான காவல். தோலுக்குக் காவல் நோயாளியின் வாய்தான். நெடுநாள் ஏற்றிக் கொண்ட சிலருக்கு வெயில் படும் இடமெல்லாம் சாம்பல் நீலமாகி, அப்படியே நின்றுவிடுவதுமுண்டு. மஞ்சளாய்ப் போன பொன் நீலமாய் வெளிவருவது விந்தைதான்!

ஊசி நின்றது. ஆனால் ஏறிய பொன் உடம்பை விட்டு லேசில் இறங்குவதில்லை. தோல் ஆற மாதங்கள் ஆயின. அதற்குள் கணுக்கள் மறுபடி வீங்கின. பிற்பாடு வாரம் ஒரு முறை விழுங்கும் மெதோட்ரெக்ஸேட் மாத்திரை கொடுத்தார்கள். உலகெங்கும் பொன் ஊசியைப் பெரும்பாலும் ஒதுக்கி வைத்தது அந்த மாத்திரைதான்.

தாயாரிடம் இன்றும் அந்த ஊசியைப் பற்றிக் கேட்டால், அரிப்பைச் சொல்ல மாட்டார். "அந்த வருஷம் நானே சடை பின்னினேன், அய்யா" என்பார்.