லீஸ்திராபுரம்

அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைத் துடைப்பது என் வேலை. பொழுது சாய்கிற நேரத்தில் பழைய வேட்டித் துணியில் அடுப்புச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, கண்ணாடிக்குள் கைவிட்டுச் சுற்றிச் சுற்றித் துடைப்பேன். பாட்டியின் கை உள்ளே போகாது, என் கை போகும். கரி போய்ப் பளிச்சென்று ஆனதும் பாட்டி திரியைக் கத்தரித்து, மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று குலுக்கிப் பார்த்து, "ஏட்டி, எடு விளக்க. போவோம்" என்பாள். அவள் கக்கத்தில் சுருட்டிய ஓலைப்பாய். கையில், ஈரத்துணியில் பொதிந்த குருத்தோலைக் கட்டு. வேதப்புத்தகம் என் இடுப்பில்.

1978-ல் எனக்கு ஒன்பது வயது. சாத்தான்குளம் பக்கம், செம்மண் தேரியை ஒட்டிய சிற்றூர் எங்களுடையது. தாத்தா உபதேசியாராக இருந்து இறந்துபோனவர். அதனால் பாட்டியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, எல்லாருக்கும் அவள் உபதேசியாரம்மா. தாத்தா போனதும் சம்பளம் நின்றது, உபதேசியார் வீட்டைக் காலி செய்தோம். வேலை மட்டும் நிற்கவில்லை.

நாங்கள் போகும் வீடு உடைமரங்களுக்கு அந்தப் பக்கம், வேறொரு சிற்றூரில், கால் மணி நேர நடை. அந்த வருடம் பங்குனியில்தான் அந்த வீட்டு அண்ணனும் அக்காவும் இரண்டு பிள்ளைகளோடு ஞானஸ்நானம் எடுத்திருந்தார்கள். 'வேதத்துல சேந்துட்டாவ' என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. சேர்ந்த மறுவாரமே தொல்லை தொடங்கியது. அண்ணன் பாட்டத்துக்கு ஏறிவந்த முப்பது பனைகளையும் உடையவர் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். பாளை சீவிப் பதநீர் இறக்கத் தொடங்குகிற மாதம் அது. ஆவணி வரை ஏறினால்தான் மீதி வருடத்துக்குக் கஞ்சி. பங்குனியில் பனை போவது என்றால் என்னவென்று பனங்காட்டில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே ஊரில் இருந்த அக்காவின் அம்மா மகளோடு பேச்சை நிறுத்தினாள். கிணற்றடியில் அக்கா குடத்தை வைத்தால், பக்கத்துக் குடங்கள் நகர்ந்துகொண்டன.

எங்கள் சபையும் அவர்களை அப்படி ஒன்றும் ஏந்திக்கொள்ளவில்லை. இதைச் சொல்ல எனக்கு வருத்தம்தான், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அவர்கள் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அக்கா உட்கார்ந்த பாயில் இருந்த எங்கள் ஊர்ப் பெண்கள் மெல்லத் தள்ளி உட்கார்ந்ததை நான் பார்த்தேன். தலைமுறை தலைமுறையாக வேதக்காரர்கள் என்கிற நினைப்பு. பாட்டி எழுந்துபோய் அக்காவின் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தாள். ஆராதனை முடிந்து, வெளியே வேப்பமரத்தடியில் வைத்துத்தான் வாயைத் திறந்தாள்.

"முதலூருக்கு ஏன் முதலூருன்னு பேரு? சொல்லுங்க பாப்போம்."

எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தாவீது என்று பெயர் பெற்ற சுந்தரானந்தம், புதிதாக நம்பி அடியும் விரட்டும் பட்டவர்களைக் கூட்டிவந்து குடியேற்ற 1799-ல் உண்டாக்கிய ஊர் அது. அப்படிப்பட்ட ஊர்களில் முதலாவது என்பதால் முதலூர். சாயர்புரமும் அப்படித்தான், சாயர் என்ற வணிகர் வாங்கிக்கொடுத்த நிலத்தில் எழும்பியது. மிஷனரி ரேனியஸ் ஐயர் 1830-ல் தரும சங்கத்தைத் தொடங்கியதும், வீடுவாசல் இழந்த புது விசுவாசிகளுக்கு நிலம் வாங்கிக் குடிவைக்கத்தான். எங்கள் பக்கம் எத்தனையோ ஊர்களின் பெயர் 'புரம்' என்று முடியும். அந்தப் புரங்களில் பலவற்றுக்குப் பின்னால், மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இருட்டில் நடந்துவந்த ஒரு கூட்டம் இருக்கிறது.

"நம்ம பூட்டி பூட்டன் ஓடி வந்த கூட்டம். இவிய ஓடாம அங்கயே இருக்காவ. யாருக்கு யாரு தள்ளி உக்காருதது?" என்றாள் பாட்டி. அன்று சாயங்காலமே எங்கள் விளக்கு நடை தொடங்கியது.

முதல் நாள் அவள் வேதப்புத்தகத்தைத் திறக்கவே இல்லை. பாயை விரித்தாள், ஓலையைக் கிழித்தாள், பெட்டி முடையத் தொடங்கினாள். அக்கா எதிரில் கையைக் கட்டிக்கொண்டு, தேர்வுக்கு வந்த பிள்ளைபோல இருந்தாள். கொஞ்ச நேரம் போனதும் பாட்டி, "இந்த மூலைய எப்படி மடக்குத மவளே? எனக்கு ஒழுங்கா வரமாட்டேங்கு" என்றாள். அக்கா கையை நீட்டிப் பெட்டியை வாங்கினாள். அவள் விரல்கள் ஓடிய வேகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. மூலை மடங்கிற்று, பேச்சும் வந்தது. தன் அம்மாவைப் பற்றி, போன பனைகளைப் பற்றி, ராத்திரி தூக்கம் வராததைப் பற்றி. பாட்டிக்கு மூலை மடக்கத் தெரியும் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் உறைத்தது. பரணில் கிடந்த பெட்டியெல்லாம் அவள் முடைந்ததுதான்.

அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. பாட்டி ஓலை நறுக்கில் முள்ளால் கீறி, மேலே கரியைத் தடவித் துடைப்பாள். எழுத்து மட்டும் கறுப்பாக எழும்பி நிற்கும். அக்கா முதலில் எழுதக் கேட்டது தன் பெயரை இல்லை, மகளின் பெயரை. பரமண்டல ஜெபத்தைப் பாட்டி வாரத்துக்கு ஒரு வாக்கியமாக, அவசரமே இல்லாமல் சொல்லிக்கொடுத்தாள். அன்றாட ஆகாரத்துக்காகக் கேட்கிற இடம் வந்தபோது அக்கா முடைவதை நிறுத்தினாள்.

"நாளைக்குள்ளதயும் சேத்துக் கேக்கக் கூடாதா, உபதேசியாரம்மா?"

அடுப்பில் உலை வைக்காத நாள் அது. பாட்டி பதிலைத் தேடிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். "எனக்கும் அந்த இடம் கஷ்டமாத்தான் இருக்கு மவளே. உபதேசியார் செத்த வருசம் அந்த எடத்துல வந்ததும் எனக்கு நாக்கு நின்னுரும்" என்றாள். அதற்குமேல் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்கும் முட்டுகிற இடத்தை மறைக்காமல் காட்டுகிறவரிடம்தான் மனசு முழுதாக நம்பிக்கை வைக்கும்போல.

ஓர் இரவு அவர்கள் கூரையில் கல் விழுந்தது. எறிந்தவர் யாரென்று தெரியாது. மறுநாள் நாங்கள் போனபோது அண்ணன் திண்ணையில் அரிவாள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தார். வேறு எங்காவது போய்விடலாமா என்று கேட்டார். அன்றைக்குத்தான் பாட்டி அப்போஸ்தலர் நடபடிகளின் 14-ஆம் அதிகாரத்தைத் திறந்தாள். திறந்தாளே ஒழிய வாசிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கதையாகச் சொன்னாள். லீஸ்திராவில் பவுலைக் கல்லால் எறிந்தது, செத்தான் என்று ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டது, புதிதாக நம்பியவர்கள் வந்து அவரைச் சுற்றி நின்றது, அவர் எழுந்தது.

"எந்திரிச்சு எங்க போனாரு?"

"ஓடியிருப்பாரு" என்றார் அண்ணன்.

"அதே ஊருக்குள்ள போனாரு. மறுநா தெர்பைக்குப் போனாரு. அங்க சோலிய முடிச்சிட்டு, திரும்பவும் அந்தக் கல்லெறிஞ்ச ஊருக்கே வந்தாரு."

"எதுக்குப் பாட்டி?" என்று கேட்டது நான்.

"அங்க புதுசா நம்புன சனங்க இருந்தாவல்லா? அவிய பாத்துக்கிட்டு இருக்கும்போதுதான இவரு மேல கல்லு விழுந்துது. அப்படியே விட்டுட்டுப் போனா அவிய நெலம என்ன? வந்து அவங்க மனச திடப்படுத்துனாரு. இனிமே கல்லு விழாதுன்னா சொன்னாரு? இல்ல. விழும்னுதான் சொன்னாரு. விழும், ஆனா வழி அதுவழியாத்தான் போகுதுன்னு சொன்னாரு."

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அக்காதான் கேட்டாள்: "அந்த லீஸ்திராபுரம் எங்க இருக்கு? நாசரேத்துக்குப் பக்கமா?"

எங்களுக்கு நாசரேத் என்பது ரயில் நிற்கிற ஊர். லீஸ்திரா இன்றைய துருக்கியில் இருந்த ஊர் என்பதைப் பின்னாளில் வரைபடத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பாட்டி, "இன்னுங் கொஞ்சம் தூரம்" என்றாள். அந்தப் பெயரைத் திருத்தவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் அது லீஸ்திராபுரம்தான்.

அவர்கள் எங்கும் போகவில்லை. அண்ணன் தொலைவில் ஓர் ஊரில் பத்துப் பனை பிடித்தார். வருடக்கணக்காக யாரும் ஏறாத, சில்லாட்டையும் காய்ந்த மட்டையும் தொங்குகிற பனைகள். வைகாசியில் ஒரு சாரல் காலையில் காலில் போட்ட தளைநார் வழுக்கி விழுந்தார். உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே எலும்பு முறிந்தது.

அவர் ஊரில், குலசாமியை விட்டதால் பனை தள்ளிவிட்டது என்றார்கள். அதைவிட என்னைச் சுட்டது எங்கள் சபைப் பெரியவர் ஒருவர் சொன்னது: விசுவாசம் குறைவு, அதனால்தான் இந்தச் சோதனை. பாட்டி நடுங்கிப்போனாள், கோபத்தில்தான். "அவியளும் இதத்தான சொல்லுதாவ. சாமி பேர மட்டும் மாத்திச் சொல்லுதியளே, ஒங்களுக்கும் அவியளுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டாள். தாழ்ந்த குரலில்தான் கேட்டாள். அவர் வெகுநாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

வந்தால் கடன் தீரும், நோய் தீரும், வீடு கட்டலாம் என்று புதிதாக நம்ப வருகிறவர்களிடம் சொல்கிற குரல்களை இன்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த அண்ணன் படுத்துக்கிடந்த கட்டில்தான் நினைவுக்கு வருகிறது. அப்படி ஓர் உறுதியைக் கொடுத்து அவரை அழைத்து வந்திருந்தால், அந்தக் கட்டிலருகே போய் நின்று பாட்டி என்ன சொல்லியிருக்க முடியும்? அவள் கொடுத்திராத வாக்குதான் அன்றைக்கு அவளை அந்த வீட்டுக்குள் நுழைய விட்டது.

எங்கள் ஊரில் வேதக்கார வீடுகளில் அடுப்புப் பக்கம் ஒரு சின்னக் கலயம் இருக்கும். உலையில் போட அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடி அதில் விழும். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். பிடியரிசிக் காணிக்கை. சபை ஐயரிடம் பேசி, அந்த அரிசியை அவர்கள் வீட்டுக்குத் திருப்பினாள் பாட்டி. முதல் வாரம் என் தலையில்தான் அந்தப் பெட்டி போயிற்று. அரிசியைக் கொட்டிவிட்டுப் பாட்டி மடியிலிருந்து ஒரு காலிக் கலயத்தை எடுத்து அக்காவின் அடுப்போரம் வைத்தாள்.

"இதுல நீயும் ஒரு பிடி போடு."

"நீங்க தந்த அரிசியிலயேவா?" அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது.

"ஆமா. வாங்கிட்டே இருந்தா கை கூசும் மவளே. ஒரு பிடி போட்டா நிமுந்து நிக்கும்."

அடுத்த ஞாயிறு அக்கா அந்தக் கலயத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வந்தாள். பாதிகூட நிரம்பவில்லை. பீடத்துக்கு முன்னால் இருந்த பெரிய பெட்டியில் கவிழ்த்தபோது அரிசி விழுந்த சத்தம் மிகச் சின்னது. அன்று பாயில் யாரும் தள்ளி உட்காரவில்லை. தள்ளி உட்கார்ந்தவர்களில் ஒருத்தி, பிரசவத்துக்குப் பிறந்தவீடு வந்திருந்த என் சொந்த அத்தை, மறுநாள் கருப்பட்டியும் முட்டையும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அண்ணன் விழுந்த மூன்றாம் நாள் நாங்கள் உள்ளே முழங்காலில் இருந்தோம். வாசலில் நிழல் தட்டியது. அக்காவின் அம்மா. படி ஏறாமல், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாட்டி பாதி ஜெபத்தில் ஆமென் சொன்னாள். எழுந்து, எங்கள் பாயை அந்த அம்மாவுக்கு விரித்துப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்து வெளியே வந்துவிட்டாள். உடைமரங்களைத் தாண்டும்போது, "ஜெபம் முடியலியே பாட்டி" என்றேன். "பெத்தவ வந்திருக்கா. இனி அதுதான் ஜெபம்" என்றாள். அக்கா தன் ஆட்களை விட்டு விலகக் கூடாது என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள். தம்பி கல்யாணத்துக்குக் கூப்பிடாவிட்டாலும் போய்க் காய்கறி வெட்டிவிட்டு வா என்று அனுப்பினாள்.

மறு தையில் பேராயர் வந்தார். திடப்படுத்தல் ஆராதனை. அண்ணனுக்கு முழங்கால் மடங்காது. கம்பை ஊன்றி நின்றபடியே தலையைக் குனிந்தார். அக்கா வெள்ளைச் சேலையில் முழங்காலிட்டிருந்தாள். திடப்படுத்தல் என்ற வார்த்தையை அதுவரை ஆராதனையின் பெயராக மட்டுமே கேட்டிருந்த நான், லீஸ்திராபுரத்துக் கதையில் பாட்டி சொன்ன அதே வார்த்தை என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன்.

1980-ல் என் சின்னச் சித்தப்பா காய்ச்சலில் இறந்துபோனார். பாட்டியின் கடைசிப் பிள்ளை, இருபத்தாறு வயது. அடக்கம் முடிந்து வந்த பாட்டி சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள்தான். ஐயர் வந்து ஜெபித்துவிட்டுப் போனார், ஊரே வந்து ஆறுதல் சொன்னது. எதற்கும் அவள் முகம் திரும்பவில்லை. வேதப்புத்தகத்தை நான் பக்கத்தில் கொண்டு வைத்தேன், தொடவில்லை. விளக்கை யாரும் கேட்கவில்லை, நானும் துடைக்கவில்லை.

நாலாம் நாள் இருட்டில், உடைமரங்களின் நடுவே ஒரு வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. அக்கா. கக்கத்தில் பாய், கையில் ஓலைக்கட்டு. அவள் விளக்கின் கண்ணாடி கரியில்லாமல் இருந்தது, மகள் துடைத்திருப்பாள். ஒன்றும் கேட்காமல் பாட்டியின் பக்கத்தில் பாயை விரித்து, ஓலையைக் கிழித்து முடையத் தொடங்கினாள். வெகுநேரம் ஓலை உரசுகிற சத்தம் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தது. பெட்டிக்கு அடிப்பாகம் ஆகிவிட்டது. பிறகு, தலை நிமிராமல், தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள்:

"லீஸ்திராபுரத்துல அவரச் சுத்தி நின்னாவல்லா, உபதேசியாரம்மா. நானும் எழுத்துக் கூட்டி நாலு தடவ வாசிச்சுப் பாத்துட்டேன். அவிய ஏதும் பேசுனதா அதுல எழுதலியே. சும்மா சுத்தி நின்னுருக்காவ."

பாட்டி திரும்பினாள். பாயில் கிடந்த ஓர் ஓலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அக்கா விளக்கை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.