திருநீறு பூசிவிட்டு நான் தூங்கிப்போன இரவு

2022 மார்ச் கடைசி. இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாத காலம். கொழும்பு வெள்ளவத்தையில் அனெக்ஸ் ஒன்றில் நானும் மட்டக்களப்பு நண்பன் ஒருவனும் ஒரே அறையில் இருந்து கம்பஸுக்குப் போய்வந்தோம். அவனுக்கு இரண்டு பாடம் ரிபீட். ஒரு இரவு, மெழுகுதிரி வெளிச்சத்தில், "மச்சான், மூண்டு நாளா நித்திரை இல்ல. நெஞ்சு இறுகுது" என்றான்.

நான் வெள்ளி தவறாமல் மயூரபதி அம்மன் கோயிலுக்குப் போகிறவன். எழும்பி அவன் நெற்றியில் திருநீறு பூசி, "அம்மாளை நம்பு, எல்லாம் சரிவரும்" என்றேன். என் கடமை முடிந்ததென்று படுத்துவிட்டேன். ஏன் நித்திரை வரவில்லை என்று கேட்கவே இல்லை.

வாரங்கள் கழித்துத்தான் மனந்திறந்தான். ஐந்து வெள்ளி விரதம் பிடித்தும் பயம் போகவில்லையாம். "அம்மாளும் என்னைக் கைவிட்டிட்டா எண்டு நினைச்சன்" என்றான். நான் கொடுத்த நம்பிக்கை அவனுக்கு இன்னொரு ரிபீட் பாடமாகியிருந்தது.

அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் நம்பிக்கையின் இரண்டு முகங்களைப் பிரித்துக் காட்டியவர். கடவுள் துணையிருக்கிறார் என்ற எண்ணம் துன்பத்தைத் தாங்கவைக்கும். தண்டிக்கிறார் என்ற எண்ணமோ அதைக் கூட்டும். அதைப் படித்தபோது என் நண்பனின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அவனை ஆற்றியது கொட்டாஞ்சேனை. அங்குள்ள வகுப்புத் தோழன் ஒருவன் ஒரு செவ்வாய்க்கிழமை அவனைக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குக் கூட்டிப்போனான். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்பில் சிதைந்து, அதே ஆண்டு ஜூனில் மீண்டும் திறக்கப்பட்ட கோயில் அது. சைவர்களும் பௌத்தர்களும்கூட மெழுகுதிரி கொளுத்த வருவார்கள். அங்கே என் நண்பன் அழுததைக் கண்ட முன்பின் தெரியாத அம்மா ஒருவர் பக்கத்தில் வந்திருந்து, "சாப்பிட்டீங்களா மகன்?" என்று மட்டும் கேட்டாராம். பூசை முடியும்வரை எழும்பவில்லையாம். அடுத்த நாள் அந்தத் தோழன்தான் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கவைத்து, கிளினிக்குக்கும் கூடவே போனான்.

அந்த அம்மா செய்ததும் வழிபாடுதான். நான் செய்தது, திருநீற்றைக் கொடுத்துவிட்டு ஆளைக் கைவிட்டது.

இப்போதும் திருநீறு பூசுகிறேன். பூசிய பிறகு படுப்பதில்லை, "என்னடா நடந்தது?" என்று கேட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் இருக்கிறேன்.