பத்மினிக்கு ஒரு கைப்பிடி

பழைய காருக்கு இன்ஜின் சாமான்கூடக் கிடைத்துவிடும். கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி கிடைப்பதுதான் கஷ்டம். சிரிக்காதீர்கள், ஒரு கைப்பிடிக்காக எட்டு மாதம் அலைந்தவள் சொல்கிறேன்.

எங்களுடையது 1975 மாடல் பிரீமியர் பத்மினி. 1983-ல் அப்பா அதை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்த வீடுகளில் கார் என்றால் பாதி குடும்பத்துக்கு, பாதி கம்பெனிக்கு. காலையில் பின்சீட்டில் நூல் மூட்டை ஏறும். சாயங்காலம் அதே சீட்டில் நாங்கள் ஏறி அவிநாசி கோயிலுக்குப் போவோம். அப்பா இறந்த பிறகு கார் ஷெட்டிலேயே நின்றுவிட்டது. போன வருடம் அதற்கு 50 வயது. "அப்பா ஓட்டுனப்ப இருந்த மாதிரியே ஆக்கிக் குடு கண்ணு" என்றார் அம்மா.

இன்ஜின் வேலை இரண்டே மாதத்தில் முடிந்தது. காரணம் இருக்கிறது. பத்மினி, இத்தாலியின் ஃபியட் 1100 காரை வைத்து மும்பை குர்லாவில் தயாரானது. தயாரிப்பு நின்று இருபது வருடத்துக்கு மேலாகியும் 2023 அக்டோபர் வரை மும்பையில் டாக்ஸியாக ஓடியது. ஓடுகிற வண்டிக்கு பிரேக், கிளட்ச், கார்புரேட்டர் சாமான் வந்துகொண்டே இருக்கும். ஆனால் சீட் கிழிந்தால் டாக்ஸிக்காரர் கையில் கிடைத்த ரெக்சினை மேலே தைத்துக்கொள்வார். கைப்பிடி உடைந்தால் ஏதோ ஒன்றை மாட்டிக்கொள்வார். பழையது குப்பைக்குப் போய்விடும். காரின் உள்பாகங்கள் அரிதானது இப்படித்தான்.

முதலில் கோவை உக்கடம் பழைய இரும்புக் கடைகள். பிறகு சென்னை புதுப்பேட்டை. "எந்த இயர்மா?" என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் அங்கே போகாதீர்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் வருடத்துக்கு வருடம் சாமான் மாறியிருக்கும். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய பீஸைக் கையோடு கொண்டு போவது நூறு போட்டோவைவிட மேல். பக்கத்தில் வைத்து எடையைப் பாருங்கள். வார்த்து, முலாம் பூசிய உலோகம் கையில் கனக்கும், தொட்டால் ஜில்லென்று இருக்கும். உள்பக்கப் பல் பழையதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். ஆன்லைனில் ஒருவர் "ஒரிஜினல்" என்று எனக்கு அனுப்பியது பளபளக்கும் பிளாஸ்டிக். ஒரே வாரத்தில் முலாம் உரிந்தது. கடைசியில் நான் தேடியது புதுப்பேட்டையில் ஒரு தகர டப்பாவின் அடியில், கிரீஸ் படிந்து கிடந்தது.

சீட்டுக்கு ரெக்சின் தேடியபோது என் தொழில் கைகொடுத்தது. நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்சண்டைசர். பையர் அனுப்பும் ஒரு துண்டுத் துணியை வைத்து ஷேட் பிடிப்பதுதான் தினசரி வேலை. ஐம்பது வருட வெயிலில் எங்கள் சீட்டின் மேல்பக்கம் வெளுத்துப் பழுப்பாகியிருந்தது. அதைப் பார்த்துக் கலர் முடிவு செய்யக் கூடாது. பைப்பிங் தையலைப் பிரித்து மடிப்புக்குள் பார்த்தேன். வெயிலே படாத ஒரு விரல் அகலத்தில் அடர்ந்த மெரூன், 1975-ல் இருந்த மாதிரியே! அந்தத் துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறினேன். டியூப்லைட்டில் அச்சாகப் பொருந்தியது, வாசல் வெயிலுக்கு வந்ததும் காலை வாரிவிட்டது. சாயம் வேறாக இருந்தால் வெளிச்சம் மாறும்போது நிறமும் விலகும். சாயப்பட்டறைக்காரர்கள் லைட் பாக்ஸுக்குள் வைத்து, விளக்கை மாற்றி மாற்றிப் பார்ப்பது இதற்காகத்தான். ஆறாவது கடையில் இரண்டு வெளிச்சத்திலும் நின்றது ஒன்று.

குஷன் கடை மாஸ்டர் பின்சீட்டைத் தூக்கிப் பார்த்தார். ஸ்பிரிங் நன்றாக இருந்தது, தேங்காய் நார்தான் பொடிந்திருந்தது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஒட்டு. நூல் மூட்டையின் கட்டுக்கம்பி கிழித்த இடத்தை அப்பா கம்பெனி மெஷினிலேயே தைத்தது. நிறமும் வேறு, தையலும் கோணல். "ஏனுங்க அம்மிணி, எல்லாம் ஒரிஜினலா வேணும்னீங்க, இது கம்பெனியோடது இல்லீங்களே. எடுத்துப்போடட்டுங்களா?" என்றார்.

நியாயமான கேள்விதான். குர்லாவிலிருந்து வந்தபோது அந்த ஒட்டு காரில் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் இருந்த காரில் அது எப்போதும் இருந்தது.

50 வயது தாண்டிய வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதிய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. கட்டணம் 20,000 ரூபாய். அன்றாடம் ஓட்டக் கூடாது. பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்று அது குறிப்பாகச் சொல்வது சேஸிஸ், பாடி, இன்ஜினைத்தான். சீட்டில் எதை வைப்பது, எதை எடுப்பது என்பது வீட்டாரின் முடிவு.

அம்மாவிடம் கேட்டேன். "அதைப் பிரிச்சுப்போடாத கண்ணு. அதுல உங்கப்பா கைத்தையல் இருக்குது" என்றார். மாஸ்டர் புது மெரூன் ரெக்சினில் சீட்டைத் தைத்து, அதே இடத்தில் அந்த ஒட்டையும் பத்திரமாக வைத்துத் தைத்துக் கொடுத்தார்.

உங்கள் வீட்டிலும் பழைய கார் நிற்கிறதா? எதையும் கழற்றும் முன் போட்டோ எடுங்கள். கழற்றியதைக் குப்பையில் போடாமல் டப்பாவில் போட்டு வையுங்கள். எது மாறினாலும் பரவாயில்லை, எது மாறவே கூடாது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கடைக்குக் கொண்டுபோக வேண்டிய முதல் லிஸ்ட் அதுதான்.