ஊரைத் தாண்டினால் விற்கும் மல்லாட்டை

‘விவசாயியிடம் நேரடியாக வாங்குங்கள்’ என்று சென்னை நண்பர் ஒருவர் அனுப்பிய வாசகம் எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரு வாரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கூடவே ஓர் இயற்கை அங்காடியின் படம், மூங்கில் கூடை, கூடை நிறையக் காய்கறி. சரி, வாங்கித்தான் பார்ப்போமே என்று ஐப்பசி ஞாயிறு ஒன்றில் கிளம்பினோம். ஐந்து பேர், மூன்று வண்டி. விருத்தாசலத்திலிருந்து மங்கலம்பேட்டை வழியாக உளுந்தூர்பேட்டை வரை போய்த் திரும்ப வேண்டும். வழியில் சாலையோரம் யார் எதை விற்றாலும் கொஞ்சம் வாங்க வேண்டும். விளைந்த நிலம் யாருடையது என்று கேட்க வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

கிளம்பும்போது ஒரு டீ. வெளியூர்க்காரர்களுக்கு விருத்தாசலம் பீங்கான் ஊர். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியோடு வெளிவரும் களிமண்ணை நம்பி வளர்ந்த தொழில் இது. அப்படிப்பட்ட ஊரில் எங்கள் கைக்கு வந்தது காகிதக் கப். இரட்டைக் குவளை ஒழிந்துவிட்டது என்று நம்மிடம் பெருமையாகச் சொல்கிறார்களே, ஒழிந்தது பாகுபாடா, அல்லது நம் வாய் பட்ட குவளையை அவர்கள் கழுவ வேண்டிய தேவையா? இதை அங்கேயே பேசத் தொடங்கியதில் அரை மணி நேரம் போய்விட்டது.

சாலையில் சீத்தாப்பழம் நிறைய இருந்தது. வேலியிலும் கரம்பிலும் தானாகக் காய்த்ததைப் பறித்துக் கூறு கட்டி வைத்திருந்தார்கள் இரண்டு பெண்கள். கொஞ்ச தூரத்தில் அனலில் சோளக்கதிர் வாட்டிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். பிறகு கீரை, கொய்யா. கொய்யாக் கடையில் மட்டும் ‘சொந்தத் தோட்டம், இயற்கை விவசாயம்’ என்று ஃபிளெக்ஸ் கட்டியிருந்தது. அவர்தான் எங்களைத் திருப்பிக் கேட்டார், எந்த ஊரு என்று. சொன்னோம். அடுத்து எந்தத் தெரு என்றார். அதையும் சொன்னோம். பழத்தைத் தராசில் போட்டுவிட்டு, காசைக் கல்லின் மேல் வைக்கச் சொன்னார். அன்று நாங்கள் பேசிய ஆறு பேரில் பட்டா வைத்திருந்தவர் அவர் ஒருவரே.

மல்லாட்டைக்கு இதுதான் பருவம். மற்ற ஊர்களில் வேர்க்கடலை, எங்களுக்கு மல்லாட்டை. மணிலாக்கொட்டை என்ற பெயர்தான் வாயில் தேய்ந்து இப்படி ஆனது. விருத்தாசலத்திலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வி.ஆர்.ஐ. என்று தொடங்கும் மல்லாட்டை ரகங்கள் அங்கிருந்து வந்தவை. ஆனி, ஆடியில் மானாவாரியாக விதைத்ததைப் புரட்டாசி, ஐப்பசியில் பிடுங்குவார்கள். மழை பெய்து மண் இளகியிருந்தால் செடி கையோடு வரும். காய்ந்து கிடந்தால் கொத்தித்தான் எடுக்க வேண்டும். பிடுங்குவது, மண் உதறுவது, காய் ஆய்வது எல்லாம் பெரும்பாலும் நம் பெண்கள்தான். எங்களில் மூன்று பேரின் அம்மாக்களுக்கு இந்த மாதத்தில் விரல் நகம் முழுதாக இருக்காது.

உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் ஓர் ஆயா அவித்த மல்லாட்டை விற்றுக்கொண்டிருந்தார். அலுமினியக் குண்டான், மேலே ஈரச்சாக்கு, அளக்க ஒரு டப்பா. ஆறு டப்பா வாங்கிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டோம். உப்பு சரியாக இறங்கியிருந்தது.

நிலம் ஏதாவது உண்டா என்று கேட்டோம். சிரித்தார். பத்து மரக்கா ஆய்ந்தால் ஒரு மரக்கா கூலி. அந்தக் கூலிக் காயைத்தான் அவித்துக் கொண்டுவருகிறார். பிடுங்கி முடிந்த கொல்லையில் மண்ணுக்குள் தங்கிவிட்ட தப்பு மல்லாட்டையைப் பேத்தியோடு போய்க் கிளறிப் பொறுக்குவார். அது அவிக்க ஆகாது, காயவைத்து வீட்டுக்கு. விடியற்காலையில் அவித்து, குண்டானோடு பேருந்து ஏறி, இவ்வளவு தூரம் வருகிறார்.

“ஏன் ஆயா, உங்க ஊரு ரோட்லயே வச்சு விக்கலாமே? பஸ்ஸுக்குக் குடுக்கற காசு மிச்சமாவும்.”

“பச்சையா குடுத்தா ஊர்ல வாங்கிக்குவாங்க தம்பி. அவிச்சா யாரு வாங்குவா?”

இதற்கு மேல் நாங்கள் எதையும் விளக்கத் தேவையில்லை, ஆனாலும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். விதை போட்டதும் களை எடுத்ததும் காய் ஆய்ந்ததும் அதே கை. அந்தக் காயைச் செக்கில் ஆட்டினால் எண்ணெய் ஊரின் எல்லா அடுப்படிக்கும் போகும், தீட்டு இல்லை. ஆயா வீட்டுத் தண்ணீரும் ஆயா வீட்டு நெருப்பும் சேர்ந்துவிட்டால் மட்டும் அது வேறு பொருளாகிவிடுகிறது. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் அரசுப் பள்ளிச் சத்துணவை ஒரு தலித் பெண் சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் திரண்டார்களே, அங்கேயும் அரிசியையோ பருப்பையோ யாரும் எதிர்க்கவில்லை.

அப்போது ஒரு கார் வேகம் குறைத்தது. ஆயா எங்கள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “தம்பிங்களா, கொஞ்சம் அந்தாண்ட போய் நில்லுங்க. வண்டி நிக்குது.”

முதலில் புரியவில்லை. பிறகு அவர் கண் போன இடத்தைப் பார்த்தோம். எங்களில் இரண்டு பேர் அம்பேத்கர் படம் போட்ட நீல பனியன். வண்டியின் டேங்கில் ஜெய்பீம் ஸ்டிக்கர்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்த் திருப்பி நிறுத்தினோம். காரிலிருந்தவர்கள் நான்கு டப்பா வாங்கினார்கள். போனதும் ஆயா எங்களைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தார். “கோச்சிக்காதீங்கப்பா. நம்ம புள்ளைங்கன்னு தெரியாமயா இருக்கு.”

திரும்பும் வழியெல்லாம் சண்டை. ஒரு தோழர் கொதித்தார்: நம் அடையாளத்தை நாமே மறைத்தால் இயக்கம் எதற்கு, பனியன் எதற்கு? இன்னொருவர் சொன்னார்: அவருக்கு அன்றைக்கு அவித்தது அன்றைக்கே விற்றாக வேண்டும், பனியனை நாம் நாளைக்கும் போட்டுக்கொள்ளலாம். இந்த வட்டாரத்தில் அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று உங்களுக்குத் தெரியும். முருகேசனும் கண்ணகியும் கடலூருக்குப் போய்த்தான் திருமணத்தைப் பதிவு செய்தார்கள், யாருக்கும் தங்களைத் தெரியாத இடம் என்பதால். எல்லோருக்கும் தெரிந்த ஊருக்கு, விருத்தாசலத்துக்கு அருகிலுள்ள புதுக்கூரைப்பேட்டைக்குக் கொண்டுவரப்பட்டபோது, 2003 ஜூலை 8 அன்று கொல்லப்பட்டார்கள். கீழமை நீதிமன்றத் தீர்ப்புக்கே 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தெரியாத இடத்தைத் தேடிப் போகிறவரைக் கோழை என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தத் தோழரின் கோபம் தப்பென்றும் சொல்ல முடியவில்லை. சண்டை இன்னும் முடியவில்லை.

சென்னை நண்பருக்கு என்ன பதில் எழுதுவது? ஆயா விவசாயி இல்லை. பிரதம மந்திரி கிசான் திட்டத்தின் ஆண்டுக்கு 6,000 ரூபாய் நிலம் வைத்திருக்கும் குடும்பத்துக்குத்தான். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை தொடங்கியது. நல்ல திட்டம்தான், ஆனால் அங்கே கடை போட அட்டை வேண்டும், அட்டைக்கு நில ஆவணம் வேண்டும். 2023இல் வளையமாதேவியில் என்.எல்.சி. கால்வாய்க்காக விளைந்த பயிருக்குள் பொக்லைன் இறங்கியபோது, உயர்நீதிமன்றம் ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு என்றது. ஏக்கரே இல்லாத நடவுக்கூலிப் பெண்ணுக்கு எந்தக் கணக்கில் கொடுப்பது?

ஏக்கர் ஏன் இல்லை என்பதற்கும் வரலாறு இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கைக்குப் பிறகு, 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. பத்தாண்டுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்டோர் தவிர மற்றவருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அதுதான் பஞ்சமி நிலம். பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பதை உங்கள் ஊரில் விசாரித்தாலே போதும். அதை மீட்கப் போய்த்தான் 1994இல் காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள்.

ஆயா கிளம்பும்போது பேச்சுவாக்கில் ஒன்று சொல்லியிருந்தார். அவர் கூலிக்கு ஆயும் கொல்லைகளில் ஒன்றை அவருடைய மாமனார் ‘சர்க்கார் குடுத்த கொல்லை’ என்று சொல்வாராம். எப்படிக் கை மாறியது என்று கேட்டால், ஒரு கல்யாணக் கடன் என்றார், அதற்கு மேல் நினைவில்லை.

பஞ்சமி நிலம் வருவாய்க் கணக்கில் ‘டி.சி.’ என்று குறிக்கப்பட்டிருக்கும். அந்தக் கிராமத்தின் அ-பதிவேட்டு நகல் கேட்டு, 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு ஒன்றை அன்று இரவே எழுதினோம். கொதித்த தோழரின் கையெழுத்து அழகாக இருக்கும், அவரையே எழுதச் சொன்னோம். ஆயாவின் பெயரையும் ஊரையும் புளியமரம் எந்த இடம் என்பதையும் இங்கே எழுதக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். எழுதவில்லை.