எந்தக் குறையை நகலெடுப்பது?

ரோலண்ட் ஜூனோ-106 சின்தசைசர் ஒன்று பழுது பார்க்க வந்தால், மூடியைத் திறக்க நான் அவசரப்படுவதில்லை. ‘கீ டிரான்ஸ்போஸ்’ பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பவர் போட்டால் கருவி சோதனை நிலைக்குப் போய்விடும். பிறகு ஒவ்வொரு கட்டையாக அழுத்த, அதன் ஆறு குரல்களில் இப்போது ஒலிப்பது எது என்று திரையில் எண் வரும். மூன்றில் கரகரப்பு, ஐந்தில் சத்தமே இல்லை என்று குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

குற்றவாளி பெரும்பாலும் 80017ஏ என்ற சிப்தான். குரலுக்கு ஒன்று வீதம் ஆறு இருக்கும். ஒலியை வடிகட்டும் ஃபில்டரும் ஒலியளவுக் கட்டுப்பாடும் அதற்குள். 1984இல் கருவி வெளிவந்தபோது அதைக் கறுப்பு எபாக்ஸியால் முழுக்க மூடியிருந்தார்கள். காலப்போக்கில் காப்பாக இருக்கவேண்டிய அந்தப் பூச்சே மின்கசிவுக்கு வழி செய்துவிடுகிறது. சிப்பைக் கழற்றி, அசிட்டோனில் ஊறவைத்து, இளகிய பூச்சை மெல்லச் சுரண்டி எடுத்துத் திரும்பப் பொருத்தினால் பல சமயம் குரல் மீண்டுவிடும். அவசரக்காரர் கையில் கொடுத்தால் பூச்சோடு உள்ளிருக்கும் பாகங்களும் பெயர்ந்து வரும்.

இதே கருவியைக் கணினியில் மென்பொருளாக எழுதுவதும் என் வேலை. அங்கே உட்கார்ந்ததும் எழும் கேள்வி: நான் நகலெடுப்பது எந்த ஜூனோவை? கடையிலிருந்து புதிதாக வந்ததையா, என் மேசையில் கரகரத்துக் கிடப்பதையா?

கோரஸ் பொத்தானை அழுத்தினால் ஒரு ‘உஸ்’ இரைச்சல் வரும். ஒலியைத் தாமதப்படுத்தும் அனலாக் சிப்புகளின் இயல்பு அது. புதுக் கருவியிலும் இருந்தது. அதை நான் வைத்துக்கொள்வேன். எபாக்ஸியின் கரகரப்பு முதுமை, அதை விட்டுவிடுவேன். ஆறு ஃபில்டர்களும் நூலிழை வேறுபடுவதையும் வைத்துக்கொள்வேன், ஏனென்றால் அவற்றைக் கையால் திருகித்தான் ஒத்துவரச் செய்கிறோம்.

‘பழமை’ என்று ஒரு குமிழைக் கொடுத்து, திருப்பினால் சுருதி அலையும்படி செய்யும் பிளக்-இன்கள் இருக்கின்றன. 1970இல் வந்த மினிமூக் சின்தசைசருக்கு அது பொருந்தும். அதில் ஒலியலையை உருவாக்கும் மூன்று ஆசிலேட்டர்களும் ஒரே சுரத்தில் நின்றாலும் மயிரிழை விலகியே நிற்கும். இரட்டை நாகஸ்வரத்தில் கேட்கும் கனம் அங்கே கிடைக்கும். ஜூனோ அப்படிப்பட்டதல்ல. அதன் ஆசிலேட்டர்களை டிஜிட்டல் கடிகாரம் பிடித்து வைத்திருக்கிறது. அதற்கும் சுருதி விலகலைச் சேர்ப்பவர்கள் அந்தக் கருவியைச் சரியாகக் கேட்கவில்லை என்பேன்.

மென்பொருளை எழுதும்போது முதல் அடி விழுவது ரம்பப்பல் அலையில். கணக்கின்படி நேரடியாக வரைந்தால் மேல் சுரங்களில் கருவி பொய் பேசும். நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும்போது 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் இடமில்லை. 3,000 ஹெர்ட்ஸ் சுரத்தின் 15ஆவது சீரிசை 45,000. அது மடங்கி 900 ஹெர்ட்ஸில் வந்து உட்காரும். வாசித்த சுரத்துக்கும் கீழே, சம்பந்தமில்லாத ஓர் ஒலி! அலை செங்குத்தாக விழும் இடத்தை மட்டும் கணக்காக மழுக்கித்தான் இதை அடக்குகிறோம்.

அதைவிடக் கடினம் ஃபில்டர். சர்க்யூட்டில் வெளியே வரும் மின்னழுத்தம் அதே கணத்தில் உள்ளே திரும்புகிறது. நிரலில் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் கணக்கிட முடியும். ஒரே ஒரு மாதிரி தாமதித்தாலும் ரெசனன்ஸ் (ஃபில்டரின் ஒத்ததிர்வு) கூவும் இடம் மாறிவிடும். மினிமூகில் உள்ள மூக் ஃபில்டரைக் கணினிக்குக் கொண்டுவரும்போது எழும் இத்தகைய சிக்கல்களை ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த டிம் ஸ்டில்சனும் ஜூலியஸ் ஸ்மித்தும் 1996இலேயே அலசினார்கள். இன்று ஒவ்வொரு மாதிரிக்கும் சமன்பாட்டையே தீர்த்துவிடுகிறோம். கணினிக்கு அந்த வேகம் வந்துவிட்டது.

யமஹா டிஎக்ஸ்7 சின்தசைசர் வேறு கதை. ஓர் அலையால் இன்னோர் அலையின் அதிர்வெண்ணை அசைக்கும், ஜான் சௌனிங் ஸ்டான்ஃபோர்டில் கண்டறிந்த எஃப்எம் முறையில் 1983இல் வந்த அது, பிறப்பிலேயே டிஜிட்டல்: அலைகளை உருவாக்கும் ஆறு ஆபரேட்டர்கள், அவற்றை இணைக்க 32 வழிகள், எல்லாமே எண்கள். ஆகவே எண்ணுக்கு எண் நகலெடுக்கலாம். டெக்ஸ்ட் என்ற இலவச மென்பொருள் பழைய டிஎக்ஸ்7 ஒலிக் கோப்புகளை அப்படியே படிக்கிறது. ஆனால் மிகச் சுத்தமாகக் கணக்கிட்டால், கேட்டுப் பழகியவர்களுக்கு ஏதோ குறைகிறது. அசலில் எண்ணை ஒலியாக்கிய பகுதி 12 பிட்தான். அந்தச் சொரசொரப்பும் ஒலியில் சேர்ந்திருந்தது. டெக்ஸ்டிலேயே பழைய சிப்பின் துல்லியத்துக்கு இறங்கும் தேர்வு உண்டு. நான் அதைத்தான் போடுவேன்.

புதிதாகக் கற்க வருகிறவர்கள் டெக்ஸ்டில் தொடங்குங்கள். செலவில்லை, ரிப்பேரும் இல்லை. ஜூனோ-106தான் வேண்டுமென்றால் பணம் கொடுப்பதற்கு முன் அந்தச் சோதனை நிலையைப் போட்டு ஆறு குரல்களையும் கேளுங்கள். ஒன்று கரகரத்தாலும் மற்ற ஐந்துக்கும் அதே வயதுதான். ஆறு சிப்புகளின் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.