டோப்பா இல்லைங்க... டோப்!

தலைப்பைப் பார்த்துட்டு ‘ஏதோ விக் மேட்டர்’னு வந்தவங்களும், ‘ஆஹா, போதை மேட்டர்’னு ஆர்வமா ஓடி வந்தவங்களும் மன்னிக்கணும். இது மாடல் ஏரோப்ளேனோட றெக்கைக்குப் பூசற சமாச்சாரம். நெயில் பாலிஷ் பாட்டிலைத் திறந்தா குப்புனு ஒரு வாசனை வருமே... அதே வாசனை. ரெண்டுலயும் அடிப்படைச் சரக்கு ஒண்ணுதான்: நைட்ரோசெல்லுலோஸ்.

காலேஜ்ல நான் என்.சி.சி. ஏர் விங். பரேட்ல என் கால் எப்பவும் அரை செகண்ட் லேட்டாதான் விழும். அதனால மாடல் செய்யற ரூம்லயே செட்டில் ஆகிட்டேன். அங்கே மூணு வருஷம் இந்த வாசனையோட குடித்தனம். அந்த அனுபவத்துல சொல்றேன்... டோப்பைப் பெயிண்ட்னு நினைக்கறவங்க இன்னும் றெக்கை செய்ய ஆரம்பிக்கலைன்னு அர்த்தம்!

ஏன்னு கேளுங்க. றெக்கையோட எலும்புக்கூடு பால்சா குச்சி. அதை ரெண்டு முனையிலும் பிடிச்சு ஈரத்துணி பிழியற மாதிரி லேசா திருகினா, சொன்ன பேச்சு கேட்டு வளையும். அது மேல ஒட்டறது ஜாப்பனீஸ் டிஷ்யூ. நீங்க ஜெராக்ஸ் எடுக்கற பேப்பர் சதுர மீட்டருக்கு 75, 80 கிராம் இருக்கும். இது சுமார் 12 கிராம்தான். வெளிச்சத்துல பிடிச்சா நார் நாரா தெரியும். நாருக்கு நடுவுல ஓட்டை, ஓட்டை வழியா காத்து. ஒட்டி முடிச்சதும் தொளதொளன்னு சின்னப் பையன் அப்பா சட்டையைப் போட்ட மாதிரி நிக்கும்.

மேல தண்ணியைப் பனி மாதிரி ஸ்ப்ரே பண்ணணும். காயக் காய டிஷ்யூ தானா இறுகும். பறையைத் தீயில காட்டினா விறைக்கும் இல்லையா, கிட்டத்தட்ட அப்படி. ஆனா மழை வந்தா மறுபடியும் தொளதொள. அப்பதான் டோப் உள்ளே நுழையுது. தின்னர் சரிபாதி கலந்து, அகலமான மெல்லிய பிரஷ்ல ஒரு கோட். அது நாருக்குள்ள ஊறி, ஓட்டையை அடைச்சு, காயும்போது பேப்பரை இழுத்துப் பிடிக்கும். ரெண்டு கோட், மூணு கோட் ஆனதும் விரல் நகத்தால சுண்டிப் பாருங்க... ‘டப்’புனு சத்தம் வரும். இப்ப றெக்கையைத் திருகினா திரும்பாது. எலும்பு மேல சும்மா தொங்கின தோலு, தானே ஒரு எலும்பா மாறிடுச்சு!

1903-ல ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்தோட றெக்கை வெறும் மஸ்லின் துணி. மேல எதுவும் பூசலை. அன்னிக்கு அவங்க பறந்ததுலயே நீளமான பறத்தல் 59 செகண்ட். முதல் உலகப் போர் வந்தப்போ லினன் துணி மேல டோப் அடிக்காத போர் விமானத்தைப் பார்க்கறதே அபூர்வம்.

சரி, கைக்கு வருவோம். டிஷ்யூவுக்கு ஒரு ‘நார் வாக்கு’ உண்டு. நியூஸ்பேப்பரைக் கிழிச்சுப் பாருங்க... ஒரு பக்கமா கிழிச்சா கோடு போட்ட மாதிரி போகும், இன்னொரு பக்கமா கிழிச்சா கோணல்மாணல். நேரா கிழியற திசைதான் நார் வாக்கு. அது றெக்கையோட நீளவாக்குல வரணும். டோப்ல ரெண்டு மூணு சொட்டு விளக்கெண்ணெய் விட்டுக்கலாம், ரொம்ப இழுக்காது. (ஆமா, பாட்டி குடிக்கச் சொல்ற அதே விளக்கெண்ணெய்தான்!) முக்கியமா, மேல் பக்கம் எத்தனை கோட்டோ கீழ்ப் பக்கமும் அத்தனை. நடுவுல, காயற வரைக்கும் பலகையில குண்டூசி குத்தி வைக்கணும். டோப் ராட்சசன் மாதிரி இழுக்கும். ஒரு பக்கம் மட்டும் இழுத்தா றெக்கை அப்பளம்தான்.

எங்க ஜூனியர் ஒருத்திக்கு அதுதான் நடந்தது. யூனிட்ல ரப்பர் மோட்டார் மாடல் போட்டி. யாரோடது அதிக நேரம் காத்துல நிக்குதோ அவங்களுக்கு ஏரோமாடலிங் டீம்ல இடம். ரெண்டு மாச பாக்கெட் மணியைச் சேர்த்து ஒரு கட்டு பால்சா வாங்கியிருந்தா. இன்னொரு றெக்கைக்குக் குச்சியும் இல்லை, காசும் இல்லை. நவம்பர் மாசம், விடாத மழை. மேல் பக்கம் டோப் அடிச்சுட்டுக் கிளாஸுக்குப் போயிருக்கா. ரூம்மேட்டுக்கு டேபிள் வேணும்னு பலகையிலேர்ந்து எடுத்துச் சுவர்ல சாய்ச்சுட்டாங்க.

வந்து பார்த்தா ரெண்டு கோளாறு. மேலெல்லாம் வெள்ளைப் பூச்சு, பவுடர் போட்ட மாதிரி. ஈரக் காத்துல தின்னர் வேகமா ஆவியாகும்போது பரப்பு சில்லுனு ஆகிடும். காத்துல இருக்கற ஈரம் அங்கேயே படிஞ்சு வெள்ளையாகிடும். அது பரவாயில்லை, காஞ்ச நாள்ல தின்னரை லேசா தடவினா மறைஞ்சிடும். ரெண்டாவதுதான் வயித்துல புளியைக் கரைச்சது. இடது றெக்கை நுனியில பின் ஓரம் அஞ்சு மில்லிமீட்டர் கீழே இறங்கியிருந்துச்சு. அப்படியே விட்டா இடது பக்கம் தூக்கும், ப்ளேன் வலது பக்கமா சுருண்டு தரையில குத்தும்.

“அக்கா, பிரிச்சிடவா?”ன்னா. கண்ணு ரெண்டும் குளம்.

“எதையும் பிரிக்காத. கீழ வா”ன்னு மெஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்கே இட்லிக் கொப்பரையில தண்ணி தளதளன்னு கொதிச்சுக்கிட்டிருந்தது. டோப் அடிச்ச றெக்கை ஆவியில கொஞ்சம் இளகும். இளகும்போது எதிர்ப்பக்கமா, வேணுங்கறதை விடக் கொஞ்சம் அதிகமா திருகிப் பிடிக்கணும். வெளியே எடுத்து, ஆறுற வரைக்கும் கையை விடக் கூடாது.

“ஏம்மா, இதென்ன கொழுக்கட்டையா? தட்டு வைக்கணும், நகருங்க!”ன்னு மாஸ்டர் சத்தம் போட்டார்.

“அண்ணே, ரெண்டே நிமிஷம்ணே!”

ரெண்டு நிமிஷம் இருபது நிமிஷம் ஆச்சு. ஆவியில பத்து செகண்ட், வெளியே ஒரு நிமிஷம். மூணு தடவை. ஒவ்வொரு தடவையும் அவ றெக்கையைக் கண்ணுக்கு நேரா பிடிச்சு, பின்னாலேர்ந்து ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பார்த்தா. மூணாவது தடவை ரெண்டு நுனியும் ஒரே கோட்டுல நின்னுச்சு. மாஸ்டரும் ஒரு கண்ணை மூடிப் பார்த்து, “ம்... நேராத்தான் இருக்கு”ன்னு சர்ட்டிஃபிகேட் குடுத்தார்.

அடுத்த நாள் மதியம் மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தப்ப கீழ்ப் பக்கமும் டோப் அடிச்சா. இந்தத் தடவை பலகைக்குக் காவலே போட்டாச்சு. ‘மேல நீலப் பெயிண்ட் அடிக்கலாமாக்கா?’ன்னு கேட்டா. வேணாம்னுட்டேன். கெமிஸ்ட்ரி லேப் தராசுல வெச்சுப் பாருங்க, அந்த சைஸ் றெக்கைக்கு டிஷ்யூ மொத்தமே ரெண்டு கிராம் சொச்சம்தான். பெயிண்ட் அதை விட அதிகமா ஏறிடும். எங்க செட் பையன் ஒருத்தன் மூணு கோட் எனாமல் அடிச்சு, கண்ணாடி மாதிரி ஒரு ப்ளேன் கொண்டு வந்தான். அதை வெச்சு போட்டோ எடுத்துக்கிட்டோம், அவ்வளவுதான்! கலர் வேணும்னா கலர் டிஷ்யூவே வாங்கி ஒட்டிடுங்க.

போட்டியில அவ ப்ளேன் சுருளவே இல்லை. பெரிய வட்டமா ரெண்டு சுத்து சுத்தி அழகா இறங்குச்சு. ரெண்டாவது இடம். டீம்ல ஒரே ஒரு இடம்தான்... அது ஒரு சீனியருக்குப் போச்சு. அவ அன்னிக்குச் சாயங்காலம் பேசவே இல்லை. அடுத்த வருஷத்துக்கும் அதே றெக்கைதான்னு மட்டும் சொன்னா.

‘இவ்வளவு பாடு எதுக்கு? அயர்ன் பாக்ஸ் வெச்சுத் தேச்சா ஒட்டிக்கற பிளாஸ்டிக் ஃபிலிம் இருக்கே’ன்னு யாராச்சும் கேப்பாங்க. நியாயம்தான். எஞ்சின் வெச்ச பெரிய மாடலுக்கு நானே அதைத்தான் சொல்வேன். பெட்ரோல் பங்க்ல இருக்கற மாதிரி எஞ்சின் எண்ணெய் தெறிக்கற இடத்துல டிஷ்யூ வெச்சு அழ முடியாது. எஞ்சினுக்கு ஊத்தற மெத்தனால் பட்டா நைட்ரேட் டோப் கரைஞ்சே போயிடும். ஆனா ரப்பர் மோட்டார்ல ஓடற குட்டி ப்ளேனுக்கு ஃபிலிம் பாரம். அதோட, திருகலைத் தாங்கற விஷயத்துல டோப் அடிச்ச டிஷ்யூ பக்கத்துல ஃபிலிம் நிக்க முடியாது.

ஹாஸ்டல் ரூமைப் பூட்டிக்கிட்டு மட்டும் இந்த வேலையைச் செய்யாதீங்க, ப்ளீஸ். முதல் உலகப் போர் சமயம் இங்கிலாந்து விமானத் தொழிற்சாலைகள்ல டோப் அடிக்கற வேலையில நிறைய பெண்கள் இருந்தாங்க, நம்ம வயசுப் பெண்கள். அன்னிக்கு டோப்ல டெட்ராகுளோரோஈத்தேன்னு ஒரு கரைப்பான் கலந்திருந்தாங்க. அதோட ஆவி ஈரலைத் தின்னுச்சு. மஞ்சள் காமாலை வந்து சில பேர் செத்தே போனாங்க. அப்புறம்தான் அந்தக் கரைப்பானை ஒதுக்கினாங்க. இப்ப வர்ற டோப்ல அது இல்லை. ஆனா தின்னர் ஆவி தின்னர் ஆவிதான், தலை கிர்ருங்கும். வராண்டாவுக்கு வந்துடுங்க.

டோப் கிடைக்கலையா? மரச்சாமானுக்கு அடிக்கற என்.சி. க்ளியர் லேக்கரும் அதுக்கான தின்னரும் பெரிய பெயிண்ட் கடைகள்ல கேட்டுப் பாருங்க. அதுவும் நைட்ரோசெல்லுலோஸ் குடும்பம்தான். டோப் அளவுக்கு இழுக்காது, ஆனா ஓட்டையை நல்லா அடைக்கும். தண்ணி ஸ்ப்ரே ஏற்கெனவே இறுக்கி வெச்சிருக்கும்ல, போதும். வெயில் நல்லா ஏறின பதினொரு மணிக்கு, மழை வாடை இல்லாத நாளாப் பார்த்து ஆரம்பிங்க. சரக்கு பயங்கரமா தீப்பிடிக்கும்... டின்னைத் திறக்கறதுக்கு முன்னாடி, கட்டிலுக்கு அடியில கொசுவத்தி புகையலையேன்னு ஒரு தடவை குனிஞ்சு பாத்துக்கங்க!